புழுக்கை

நண்பகலிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.
காரட் தழையை மூக்கருகே நீட்டினேன்.
கடன் கேட்க வந்தவனைக் கண்டதுபோல
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பெயர் குல்கா. மகள் வைத்தது.
ஒரு வாரம் அவள் அம்மா வீடு, ஒரு வாரம் என் வீடு.
யாக்னாவும் முயலும் சேர்ந்தே இடம் மாறுவார்கள்.
இந்த வாரம் அவளுக்குப் பள்ளிச் சுற்றுலா.
முயல் மட்டும் வந்திருந்தது,
ஒரு பை புல்லோடும்
ஹல்ஷ்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டோடும்:
ஆப்பிள் கொடுக்காதே.

கொடுக்கவில்லை.
கொடுத்தேன், ஒரு சின்னத் துண்டு.

இரவு ஒன்பதுக்கு மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.
ஒத்தீலியா என்று பெயர் சொன்ன குரல்
அவசரப்படாமல் கேட்டது:
கடைசியாக எப்போது தின்றது?
பன்னிரண்டுக்கு. ஒரு பிடி புல். இல்லை, அதில் பாதி.
பல்லைக் கடிக்கிறதா?
காதைக் கொண்டுபோய் வைத்தேன்.
தொலைவில் யாரோ மணலில் நடக்கிற சத்தம்.
ஆமாம்.
காதுகள் குளிர்ந்திருக்கின்றனவா?
என் கையே குளிர்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஆமாம்.
புழுக்கை போட்டதா?

எட்டு வருடம் கூட வாழ்ந்தவள் கேட்ட
எந்தக் கேள்விக்கும்
நான் இத்தனை சரியாகப் பதில் சொன்னதில்லை.

உடனே கொண்டுவாருங்கள் என்றாள்.
பகலெல்லாம் போஸ்னானின் டிராமை ஓட்டுகிறவன்
ராத்திரி பயணியாய் உட்கார்ந்தேன்,
கோட்டுக்குள் ஒரு முயல்,
பொத்தான்களுக்கு நடுவே இரண்டு காது.
ஓட்டுநர் என்னை அடையாளம் கண்டு
வளைவுகளில் வேகத்தைக் குறைத்தார்.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வலிக்கு ஓர் ஊசி, தோலுக்கடியில் நீர்,
வீட்டுக்கு ஒரு பொட்டலம் பச்சை மாவு.
வாந்தி எடுக்கத் தெரியாத பிராணி இது,
உள்ளே போனது
அந்தப் பக்கமாகத்தான் வந்தாக வேண்டும் என்றாள் ஒத்தீலியா.
இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டுங்கள்,
வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக.
விடியும்வரை ஒன்றுமே வராவிட்டால் திரும்ப வாருங்கள்.

குளியலறைத் தரையில் துண்டை விரித்தேன்.
மாவில் பாதி என் சட்டையில்.
சுடுநீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப்
பக்கத்தில் வைத்தேன்.
அது புட்டியின்மேல் சாய்ந்தது, என்மேல் சாயவில்லை.

அவளும் நானும்
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
ஆளுக்கொரு பக்கம் நின்று பிரிந்தவர்கள்.
இந்த முயலுக்கு நான்கு கால்.
நான்கையும் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு அவளுக்கு எழுதினேன்.
பணத்தைப் பற்றி அல்லாமல்
ஒரு வருடத்தில் முதல் செய்தி:
குல்காவுக்கு உடம்பு சரியில்லை. ஆப்பிள் கொடுத்துவிட்டேன்.
திட்டு வரும் என்று போனைத் தரையில் கவிழ்த்து வைத்தேன்.
அது தரையோடு நடுங்கியது.
வயிற்றைத் தடவு, மெதுவாக.
அதற்கு முன் நெற்றியைத் தடவு, அப்போதுதான் விடும்.

நெற்றியைத் தடவினேன். விட்டது.
உள்ளங்கையின் கீழே
அடைத்த குழாய்போல் மௌனம்.
பிறகு எங்கேயோ ஆழத்தில்
ஒரு குமிழி இடம்பெயர்ந்தது.
தப்பாகவும் இருக்கலாம்.
என் வயிறாகவும் இருக்கலாம்,
நானும் சாப்பிட்டிருக்கவில்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
துண்டின்மேல் ஒன்று.
மிளகைவிடச் சிறியது, கோணல், ஈரமானது.
சற்றுக் கழித்து இன்னும் சில.
மண்டியிட்டு, விளக்கை அருகில் பிடித்து,
சம்பளத்தைக்கூட இப்படி எண்ணியதில்லை.
படம் எடுத்து அனுப்பினேன்:
ஏழு.

உடனே பதில்:
எட்டு. துண்டின் மடிப்பில் ஒன்றை விட்டுவிட்டாய்.

வாக்குவாதத்துக்கு வாய் திறந்து
மறுபடி எண்ணினேன்.
எட்டுதான்.

குல்கா ஒரு புல்லை இழுத்து
பாதி தின்றுவிட்டுப் போட்டது.
சட்டையை மாற்றிக்கொண்டேன்,
ஐந்துக்கு முதல் வண்டி என்னுடையது.
ஆறு மணிக்கு யார் ஊட்டுவது என்று
அதன் பிறகுதான் யோசித்தேன்.