முப்பத்தாறு டிகிரி

லாக் நே ஏரி பான் ஆறாகக் குறுகும் இடத்தில்
இரவெல்லாம் வலை.
நிலவில்லாத அக்டோபர், தென்மேற்குக் காற்று, ஆற்றில் வெள்ளம்:
மூன்றும் கூடினால் விலாங்குகள் இறங்கும்.
டிம்ப்னாவின் பேரேட்டில் இருபத்தேழு வருடமாக இருக்கிறது இது.
தேதி, காற்று, எடை.
'ஏன்' என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

எங்கே போகின்றன என்று கேட்டால்
சர்காசோவுக்கு என்பார்கள்,
பாசி மிதக்கும் வெதுவெதுப்பான கடலுக்கு.
அங்கே முட்டையிடும், அங்கேயே சாகும்.
அந்த முட்டையைக் கண்டவர் இல்லை.
கண்டதெல்லாம் கண்ணாடி இலை போன்ற குஞ்சுகள்,
அந்தக் கடலை நெருங்க நெருங்கச் சிறியவை.

"அப்போ வெறும் தியரி" என்பான் மலாக்கி,
அந்த 'வெறு'மை
ஈரக் கையுறை போல மேசையில் வீசி.

இனேஸ் வந்த இரவில்
ஆறு விலாங்குகளை நழுவாமல் பிடித்துக்கொடுத்ததும் அவன்தான்.
முதுகில் விரலளவுக் கருவி தைத்து
ஆற்றில் விட்டாள்.
ஆழமும் வெப்பமும் தவிர
அதற்கு ஒன்றும் தெரியாது.

டிசம்பரில் ஒரு கருவி
நடுக்கடலில் மிதந்து, தன் கதையை வானுக்கு அனுப்பியது.
எடைமேசையில் தாளை விரித்தாள் இனேஸ்.
பகலில் அறுநூறு மீட்டர், பத்து டிகிரி.
இரவில் முந்நூறு, பன்னிரண்டு.
இறங்கி ஏறி, இறங்கி ஏறி
நாற்பத்தொரு நாள்.
பிறகு ஒரு விடிகாலை
முப்பத்தாறு டிகிரி.

அங்கே எந்தக் கடலும் அப்படிச் சுடாது.
கோடு மட்டும் மேலே வருகிறது, மூழ்குகிறது,
மூச்செடுக்க வருவதுபோல மறுபடி வருகிறது.
இரண்டு நாள்.
அப்புறம் குளிர். நேரே மேலே. வெயில்.

"திமிங்கிலம்" என்றான் மலாக்கி.
தொப்பியைக் கழற்றினான்.
"முழுங்கிட்டான், பாவி."

"நீ பார்த்தியா?" என்றாள் டிம்ப்னா,
பேரேட்டிலிருந்து தலை தூக்காமல்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக
விலாங்கை ஏசும் மொழி என்னுடையது.
அதில் உள்ளது உண்மை,
கொள்வது கோட்பாடு.
முப்பத்தாறு அங்கே உள்ளது,
யார் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும்.
நாளை ஒருவர் வேறு பெயரோடு வரலாம்.
வரட்டும்.
அந்தப் பெயரும் இந்த முப்பத்தாறை விழுங்கியாக வேண்டும்,
இரண்டு நாள் வயிற்றில் வைத்திருந்து
துப்பியும் ஆக வேண்டும்.

மலாக்கி பதில் சொல்லவில்லை.
தாளில் அந்த மேட்டை
மீன்செதில் ஒட்டிய கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.
மற்ற ஐந்தும் என்ன ஆயிற்று என்றான்.
தெரியவில்லை, என்றாள் இனேஸ்.
சர்காசோவைப் பற்றி
இன்னும் அவன் நம்பத் தயாரில்லை.

வெளியே காற்று தென்மேற்குக்குத் திரும்பியிருந்தது.
அடர்ந்த மேகம்.
நிலவு உண்டா இல்லையா
யாருக்கும் தெரியவில்லை.
சுவரில் தொங்கும் காலண்டர்
இன்றைக்கு அமாவாசை என்றது.
அண்ணாந்தும் பார்க்காமல்
வலையை இறக்கினான் மலாக்கி.