எந்த சாமிக்கும் இல்லாமல்

ஸ்டான்லியில் டாக்டரம்மா
சீட்டில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னார்:
"ரெண்டு நாள் எங்கனா போயிட்டு வாம்மா."
எங்கனா என்றால் எந்த பஸ்,
யாருக்கு என்ன வேண்டுதல்?

நாங்கள் ஊருக்குப் போவதென்றால்
மொட்டையடிக்கப் போவோம்.
காவிப் புடவை கட்டி
வேளாங்கண்ணிக்கு நடந்து போவோம்,
புருஷன் குடி நிற்க,
கடலில் போன போட்டு திரும்ப.
காலில் கொப்புளத்தைக் காட்டினால்தான்
எங்கள் வீடுகள் எங்களை வெளியே விடும்.

சும்மா போவதற்கு
எங்கள் தெருவில் வழியே இல்லை.

இறால் உரிக்கிற ஷெட்டில்
டூர் சீட்டு ஆரம்பித்தவள் பியூலா.
வாரம் அறுபது ரூபாய், பதினோரு பேர்,
கணக்கு ஐஸ் கம்பெனி காலண்டரின் பின்பக்கம்.
ரமீஜா மகளுக்கு ஃபீஸ் கட்ட அதில் எடுத்தோம்.
தேசராணியின் மாமியார் செத்ததற்கும் எடுத்தோம்.
ஒன்றரை வருஷம்
பெட்டியில் போட்ட ஐஸ் போல
கரைந்து கரைந்து மிஞ்சியது.

"எந்த சாமிக்கு?" என்றார் வீட்டுக்காரர்.
"எந்த சாமிக்கும் இல்ல."
"பின்ன?"

அந்தப் பின்னவுக்கு நாலு நாள் யோசித்தேன்.
போகிற வழியில் ஒரு கோயில் இல்லாமலா போகும்,
அதைச் சொல்லிவிடலாம் என்றாள் நாகவல்லி.
பியூலா ஒத்துக்கொள்ளவில்லை.
பொய் சொல்லிப் போனா
பாதி டிக்கெட்டுலதான் போறோம் என்றாள்.
கடைசியில் சென்ட்ரலுக்கு வந்தது ஏழு பேர்.

ஜோலார்பேட்டையில் இறங்கி
பதினாலு வளைவும் வாந்தியெடுத்து
ஏலகிரி ஏரிக்கரையில் உட்கார்ந்தோம்.
முதல் அரைமணி நேரம்
கையை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.
உரிக்க ஒன்றுமில்லாமல்
மடியில் கிடந்தன பதினாலு கைகள்.
"இங்க ஜிலேபி கிலோ என்னா வெல?"
போட்காரனைக் கேட்டுவிட்டு
நாகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் பலாச்சுளை விற்றவளை
செல்லில் படம் எடுத்தேன்.
முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள்.

அந்த முந்தானையை எனக்குத் தெரியும்.
ஞாயிறு காலையில்
தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வருவார்கள்,
ராயபுரத்தில் பழைய ஸ்டேஷன்,
பார்சி நெருப்புக் கோயில், அப்புறம் நாங்கள்.
செதில் ஒட்டிய என் கன்னம்
யார் யார் வீட்டில் இருக்கிறதோ.

அழித்தேன். அழித்ததை அவளிடம் காட்டினேன்.
நாலு சுளை அதிகம் வைத்தாள்.
அதற்கும் காசு வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தால்
ஷெட்டில் அதே ஈரம்,
விரலிடுக்கில் அதே புண்.
மணலிப் பக்கமிருந்து காற்று வருகிற ராத்திரி
அதே இருமல்.
மலையில் ரெண்டு ராத்திரியும் நான் இருமவில்லை.
வீட்டில் சொல்லவில்லை,
டாக்டரம்மாவிடம் சொன்னேன்.
இந்த முறை சீட்டில் எழுதினார்.

ஞாயிறு நாலு மணிக்கு
கடலோரக் கருங்கல்லில்
ஆம்பிளைகள் சீட்டாடும் இடத்துக்குப் பக்கத்தில்
போய் உட்காருகிறோம்.
"இன்னா மேட்டரு?"
சும்மா.
மூணாவது வாரம் முணுமுணுத்துக்கொண்டே
ஒரு கல் தள்ளி உட்கார்ந்தார்கள்.
வராமல் நின்ற நாலு பேரில்
ரெண்டு பேர் இப்போது வருகிறார்கள்.
ஒருத்தி கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கியவள்,
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்த சீட்டு எங்கே என்று சண்டை.
ரமீஜாவுக்குப் பனி பார்க்கணுமாம்.
நான் இன்னும் சொல்லவில்லை.
காலண்டரின் பின்பக்கம், கணக்குக்குக் கீழே,
மணலிக் காற்று வந்த ராத்திரிக்கு ஒரு கோடு
போட்டுக்கொண்டு வருகிறேன்.
இந்த மாசம் பத்தொன்பது.

நேற்று பியூலா பார்த்துவிட்டாள்.
"இது யார் பேர்ல ஓடுற சீட்டு?"
யோசித்து,
ரமீஜா தெரு எந்தப் பக்கம் என்று கேட்டு,
அவளும் ஒரு கோடு போட்டாள்.