டார்ச் பிடிப்பவன்

ஹிரூத் மேடத்துக்கு வண்டி ஓட்டுகிறேன்,
அதனால் டார்ச்சும் நான்தான் பிடிக்கிறேன்.
ஊதா டார்ச். யார் கண்ணிலும் அடித்துவிடாதே என்பார்.

ஜிவாய் ஏரிக்குத் தெற்கே இது பதினோராவது கிணறு.
இருட்டட்டும் என்று காத்திருந்தோம்.
பகலில் இந்த மருந்து எதையும் காட்டிக்கொடுக்காது.

விரலளவு குப்பி. அதற்குள்
வாய் பூட்டிய ஒரு மூலக்கூறு.
பூட்டு சிலிக்கன், சாவி ஃப்ளூரைடு,
உப்புக்கு அசையாது, சோடாவுக்கு அசையாது
என்று அடிஸிலிருந்து வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.
மேடு பள்ளம் பார்த்து ஓட்டியதில்
பாதிதான் காதில் விழுந்தது.

இருபது நிமிடம் ஆகுமாம்.
அதற்குள் லலிசே காப்பிக்கொட்டை வறுக்க உட்கார்ந்துவிட்டாள்.
கரியடுப்பில் கழுத்து நீண்ட மண்கூஜா.
எந்தத் தண்ணீர் என்று
யாரும் கேட்கவில்லை.

டார்ச்சை அடித்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு அடியிலிருந்து
நீலம்,
தூக்கம் கலைவதுபோல மெல்ல.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
"எங்கள் கிணறு ஜெயித்துவிட்டது" என்றான் ஒருவன்.

மேடம் நோட்டில் ஓர் எண் எழுதினார்.
ஒளி எவ்வளவோ கேடு அவ்வளவு.
இதை ஓரோமோவில் சொல் என்பதுபோல
என்னைப் பார்த்தார்.
என் தாய்மொழிதான்.
சொல் வரவில்லை.

லலிசேயின் மகள் அய்யாந்து எதற்கோ சிரித்தாள்.
என் கை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.
ஊதா வெளிச்சத்தில் எல்லோர் பல்லும் மின்னும்.
அவளுக்குத் திட்டுத் திட்டாக அணைந்திருந்தது.
சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
முப்பது வருஷமாக என் வாய்மேல் இருக்கிறது.
கல்யாணப் படத்திலும் இருக்கிறது.

டார்ச்சை அணைத்தேன். குப்பியும் இருண்டது.
ஆனால் திறந்த பூட்டு திறந்ததுதான், என்றார் மேடம்,
இந்த வினை திரும்பிப் போகாது.

காப்பி வந்தது, உப்புப் போட்டு.
மேடம் கோப்பையைப் பார்த்தார்,
கிணற்றைப் பார்த்தார்,
குடித்தார்.
நானும் குடித்தேன்.

இரண்டாம் சுற்று ஊற்றும்போது லலிசே கேட்டாள்:
"நீல வெளிச்சம் வந்தது நல்லதுதானே?"

கோப்பையைக் கீழே வைத்தேன்.
டார்ச்சை என் பக்கம் திருப்பி,
கையை எடுத்துவிட்டு,
சிரித்தேன்.