கோடு போட்ட சதுரம்

கோட்கா துறைமுகத்து நிலவறை, மண்ணெண்ணெய் வாடை.
லென்ஸைக் கண்ணில் இடுக்கிக் குனிகிறாள் தூலிக்கி.

குழல்மேல் சிறு சதுரம், குறுக்கே ஒரு கோடு:
போர் முடிந்தபின் பழுதுபார்த்த
சோவியத் கிடங்கின் முத்திரை.
போல்ட்டில் பழைய எண்ணை ஒரே வெட்டில் அடித்துவிட்டு
பக்கத்தில் குழலின் எண்ணையே குத்தியிருக்கிறார்கள்.
ஏழு மட்டும் தலைசாய்ந்து நிற்கிறது.
சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.

"எல்லாம் ஒரே எண். நல்ல விலை போகுமே?"
விற்க வந்த எஸ்கோ கைகளைத் தேய்க்கிறான்.

இந்த போல்ட்டோடு பிறந்த குழல்
எந்தச் சேற்றில் கிடக்கிறதோ.

சீட்டில் 'பொருந்தியது' என்று எழுதுகிறாள்.
அதன்மேல் ஒரு கோடு.
பக்கத்தில், 'பொருத்தியது'.

பின்கட்டையில் தேன்நிற அரக்கு, சதுரமாய் ஒட்டுப்பலகை.
விளிம்புக்கு வெளியே
யாரோ கத்தியால் கீறிய பெயரின் கடைசி எழுத்து.

அதற்குச் சீட்டில் கட்டமில்லை.