மறுகா

களுவாஞ்சிக்குடி வங்கியில், அடகுப் பிரிவில்,
தங்கத்தை உரைத்துப் பார்ப்பது என் வேலை.
எப்ப மீட்பீங்க என்று கேட்பதும்.

வேளாண்மை வெட்டின மறுகா, என்கிறார்
குருமண்வெளித் துறையால் வந்த தவநேசம்.
போன மாரியிலும் அதே சொல், அதே சங்கிலி.
வெள்ளம் வந்ததே என்றேன்.
அது போன வருசத்து வெள்ளம் என்றார்.

பசளை இன்றைக்கு வேண்டும்.
இன்று, உள்ளங்கையில் இருக்கிற எடை.
வைகாசி, வாவிக்கு அக்கரையில் நிற்கிற ஆள்.
முகம் தெரியாது,
ஆனாலும் வசதியானவன் என்று
எல்லோருக்கும் எப்படியோ தெரியும்.
அவன் தலையில் எதையும் கட்டலாம்.

ஏல அறிவித்தலைத் தபாலில் போடுவதும் நான்தான்.
பிரித்துப் பார்க்கிறவர்
கையெழுத்து வைத்தவரை ஏசுவார்.
இருவருக்கும் ஒரே அடையாள அட்டை.

சங்கிலியை நிறுக்கையில் பல் குத்தியது.
மூன்று மாதமாய்க் குத்துகிறது.
பல் வைத்தியரின் பெயர்ப்பலகை
என் கதிரையிலிருந்தே தெரியும்.
சம்பளம் எடுத்த மறுகா.

மீட்கும் திகதிக் கட்டத்தில்
அவர் சொன்ன மாதத்தை எழுதப் போன பேனை
கொஞ்சம் நின்றது.
நம்பல்லயா தம்பி? என்றார்.

தாடையைப் பொத்திக்கொண்டு
நம்புறன் என்றேன்.