இருநூறு கிராம்

பரிசலில் ஏற்றுமுன் எடை கேட்பேன்.
கனத்த ஆளை எனக்கு எதிரில்,
மெலிந்தவரைப் பக்கவாட்டில்.
மாறி உட்கார்ந்தால்
ஊட்டமலைப் பக்கம் போகவேண்டிய பரிசல்
நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும்.

எல்லோரும் பொய் சொல்வார்கள்.
ஓசூர்க் கம்பெனிக்காரர் ஐந்து குறைப்பார்,
அவர் மனைவி பத்து.
கல்லூரிப் பையன்கள் கூட்டிச் சொல்வார்கள்.
புதுமாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார்,
பெண் தண்ணீரைப் பார்க்கும்.
மறுத்துப் பேசமாட்டேன்.
காலை வைத்ததும் மூங்கில் முனகுகிற முனகலில்
கணக்கு தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து ஒரு வேன்.
ஒரே நிறப் பனியனில் எட்டுப் பெண்கள்,
கழுத்தில் விசிலோடு ஜோதிலிங்கம் சார்.
பளுதூக்கும் போட்டி முடிந்து
நேரே ஒகேனக்கல்.
எண்ணெய்க் கிண்ணத்தோடு மாரப்பன்
சாரின் தோளையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான்.

என் பரிசலுக்கு சாரும் மூன்று பேரும்.
இரண்டு பேர் பதக்கத்தை
லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் எடுத்துவிட்டிருந்தார்கள்.
கடைசியாக வந்தவள் கழுத்தில் ஒன்றுமில்லை.
எடை? என்றேன், பழக்கத்தில்.

"நாற்பத்தொன்பது புள்ளி ரெண்டு."

பத்தொன்பது வருஷத் துடுப்பில்
புள்ளி வைத்துச் சொன்ன முதல் ஆள்.
பதக்கக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள்.
சார் எதிர்ப்பாறையில்
முதலை இருக்கிறதா என்று தேடினார்.

கவியரசியாம் பேர்.
நாற்பத்தொன்பது வரைதான் அனுமதி.
முதல்நாள் மதியத்திலிருந்து சோறில்லை, தண்ணீரில்லை.
ரெயின்கோட் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்.
துப்பித் துப்பி ஒரு டம்ளர் எச்சில்.
விடிந்ததும் பின்னலில் ஒரு சாணை வெட்டியும்
இருநூறு கிராம்
இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது.

இருநூறு கிராம்னா எவ்வளவு? என்றேன்.
"ரெண்டு தக்காளிண்ணா.
எங்க ஊர் மண்டியில
லாரி டயருக்கு அடியில கெடக்கும்."

ஆற்றுக்கும் எடை பார்க்கிறார்கள், பிலிகுண்டுலுவில், தினமும்.
கனஅடி கூடிவிட்டால் தடை:
பரிசலெல்லாம் கரையில் கவிழ்ந்து படுத்திருக்கும்,
குறுக்கே போலீஸ் கயிறு.
ஆனால் கூடிப்போன ஆற்றை யாரும்
வீட்டுக்குப் போ என்றதில்லை.
தொங்கு பாலத்தில் வரிசைகட்டி நின்று
போனில் பிடிக்கிறார்கள்.
இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் பாறை இடுக்கு வந்துவிட்டது,
துடுப்பைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

அருவியின் சாரலில் மற்றவர்கள் கத்தினார்கள்.
அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்,
நாக்கை நீட்டி,
விழுந்த மட்டும்.

மணல்திட்டில் வறுவல் கடை.
முதல் கெளுத்தியை முள் பார்த்துத் தின்றாள்.
இரண்டாவதற்கு அந்தப் பொறுமையில்லை.
நாலாவதில் விரலிடுக்கு மசாலாவை நக்கிவிட்டு
இலையை வழித்தாள்.
வெண்கலம் வாங்கினவள்
தன் எலுமிச்சைத் துண்டை அவள் பக்கம் தள்ளினாள்.
சார் காசு கொடுத்தார்.
எத்தனை துண்டு என்று கேட்கவில்லை.
கடைக்காரி சொன்ன கணக்கில் இரண்டு துண்டு கூடுதல்,
அதையும் கேட்கவில்லை.

திரும்ப ஏறும்போது மூங்கில் வேறு மாதிரி முனகியது.
இப்ப எவ்வளவு? என்றேன்.
"அம்பது அம்பத்தொண்ணு இருக்கும்ண்ணா,
யாரு கண்டா."
காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள்.
"சுத்தி விடுவீங்களாமே?"

சுற்றிவிடத் தனியாக ஐம்பது ரூபாய் வாங்குவேன்.
அன்று கேட்கத் தோன்றவில்லை.
ஆழமான மடுவாகப் பார்த்துத்
துடுப்பை உள்ளே குத்தி இழுத்தேன்.
பாறை, மரம், வெயில், பாறை, மரம்,
பதக்கங்கள் ஜாக்கெட்டைவிட்டு எழும்பின,
சாரின் செருப்பு எங்கேயோ போனது,
அவள் "இன்னும்ணா, இன்னும்" என்றாள்.

ஜோதிலிங்கம் சார் விசிலை ஊதினார்.

பரிசலுக்கு விசில் தெரியாது.