சரிபாதி

காரணம்பேட்டைக்குத் தெற்கே மூன்றாவது கல்லுக்குழி.
இறங்க இறங்க வெயில் கனத்தது.
அடியில், உடைத்த கல்லின் மேல்
பக்கெட்டைக் குப்புறப் போட்டு நின்றது பொக்லைன்.

"முள்ளு அசையறதே இல்லீங்க," என்றார் செங்கோட்டுவேல்.
"நல்லதுதானுங்களே? ஆயில் பிரஷர் கிண்ணுனு நிக்குது.
இவன்தான் ஓட்டமாட்டேங்கறான்."

இவன் என்பது ரஞ்சன் நாயக்.
ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருஷம்,
பேச்சில் கொங்கு ஏறிவிட்டது.
"அடியில டொக்கு டொக்குங்குதுங்க.
லைட்டு மட்டும் கம்முனு இருக்குது."

இஞ்சினை அணைத்தேன்.
மேலே எங்கோ கிரஷர்;
பக்கத்தில், சூடு ஆறும் இரும்பின் டிக், டிக்.
சாவியை மட்டும் திருப்பினேன்.
ஓடாத இஞ்சினில் எண்ணெய்க்கு ஏது அழுத்தம்?
முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்க வேண்டும்.
மூன்றில் நின்றது.
பிணத்தின் மணிக்கட்டில் நாடி.

"சென்சார் போயிருக்குமுங்களா?"
எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.
போன மாசம்தான் மாற்றினார்களாம், ஆறாயிரத்து எண்ணூறு,
பில்லை எடுத்துக் காட்டினார்.
பிளக்கை உருவி, சென்சாரைக் கழற்றி,
துணியில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
கேபினிலிருந்து ரஞ்சன் கத்தினார்:
"இப்பவும் மூணுங்க!"

செங்கோட்டுவேல் தன் கையையே பார்த்தார்,
அது ஏதோ அழுத்துகிறதா என்பதுபோல.

அந்தத் துளையில் பித்தளை கேஜை முறுக்கினேன்.
வயர் இல்லை, பேட்டரி இல்லை,
எண்ணெயே வந்து தள்ளினால்தான் நகரும்.
ஸ்டார்ட் செய்ததும் ஒன்றரை.
சூடேறியபின் ஒன்று.
ஐடிலில் அரைக்கும் கீழே விழுந்து நடுங்கியது.
டேஷ்போர்டில்: மூன்று.
போதும், அணைக்கச் சொன்னேன்.

மல்டிமீட்டரை வைத்தேன்.
ஐந்து வோல்ட் வருகிறது. கிரவுண்டு இருக்கிறது.
சிக்னல் வயரில், சென்சாரே இல்லாமல், இரண்டரை.
அறுந்த வயர் ஒரேயடியாக ஒரு ஓரத்துக்குப் போய்விடும்.
உரசிய வயர் ஆடும்,
ஸ்விங் அடிக்கும்போது ஒன்று காட்டும், நிற்கும்போது ஒன்று.
சரிபாதி என்றால்
யாரோ மனுஷன்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
கிளாம்ப், வளைவு, கரி,
பம்ப்புக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டால்
விரலில் ஒரு வீக்கம்.
இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
சிவப்பு டேப். முனை பிரியாமலிருக்க
பனியன் நூல், எட்டுச் சுற்று,
இடம்புறமாகச் சுற்றியது.

பிரிப்பதற்கு முன்பே தெரியும்
உள்ளே இரண்டு ரெசிஸ்டர், பழுப்பு கருப்பு சிவப்பு,
ஒன்று ஒரு ரூபாய்.

அவிநாசி பைபாஸ் வேலை. வேறு ஓனர், வேறு பெயிண்ட்.
தீபாவளிக்கு நாலு நாள்.
நல்ல வண்டி, சென்சார் மட்டும் செத்திருந்தது,
புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும்.
'வந்ததும் பிரிச்சுப் போட்டுறோணும்' என்றுதான் சொன்னேன்.
ஐந்நூறு வாங்கினேன்.
வந்ததா என்று ஒரு போன் கூடப் போடவில்லை.
வண்டி எத்தனை கை மாறியதோ.

ரஞ்சன் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்தார்.
கறுப்பு எண்ணெயில் செம்பு மினுக்கம்,
பேரிங்கின் பொடி.
விரலில் தொட்டு வெயிலில் காட்டினார், அழகாகக்கூட இருந்தது.
இஞ்சினை இறக்க வேண்டும்.
மூன்று லட்சத்துக்குக் குறையாது.

"எந்தப் புண்ணியவானுங்க இந்த வேலையப் பண்ணுனது?"

ஸ்பேனரை வலக்கைக்கு மாற்றியிருந்தேன்.
ரஞ்சன் நூலைப் பார்த்தார்,
பிறகு ஸ்பேனரை.

வயரை நேராக இணைத்து,
சென்சாரைப் பூட்டி, சாவியைத் திருப்பினேன்.
முள் விழுந்தது. சிவப்பு விளக்கு.
நாலு வருஷம் அடைத்துக் கிடந்த பஸ்ஸர்
குழி முழுக்க அலறியது.

செங்கோட்டுவேல் மறுபடி கேட்டார்.
"அது நிக்கட்டுமுங்க, சொல்றேன்" என்றேன்.

சாவி என் கையில்தான் இருந்தது.